பெரிய பெயரின் மலிவான பாட்டில்

கையில் 20 யூரோ இருக்கிறது, நல்ல பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: புகழ்பெற்ற ஊரின் மலிவான பாட்டிலை எடுக்காதீர்கள். அதே பணத்துக்கு, ஏன் அதைவிடக் குறைவான பணத்துக்கே, பக்கத்து ஊரின் அருமையான பாட்டில் கிடைக்கும்.

லியோனில் எங்கள் வீட்டில் நண்பர்கள் கூடும்போது பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுவோம். பெயரும் விலையும் கடைசியில்தான் வெளியே வரும். லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றுவதில்லை. மணம் தங்க இடம் வேண்டும். துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கிறதா, மெல்லப் பரவுகிறதா என்று பார்ப்பேன். அதைவிட முக்கியம், விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்பது. மூக்கை ஏமாற்றும் சாதாரண ஒயின்கள் நிறைய உண்டு. விழுங்கியதும் அவற்றின் சாயம் வெளுத்துவிடும்.

போன முறை 24 யூரோ சாத்தோநஃப்-து-பாப் ஒன்றும் 14 யூரோ வக்கேராஸ் ஒன்றும் அருகருகே இருந்தன. இரண்டுமே தெற்கு ரோன் பள்ளத்தாக்கின் ஒயின்கள், இரண்டிலும் கிரெனாஷ் திராட்சைதான் அதிகம். முதலாவது அவின்யோனில் இருந்த போப்பாண்டவர்களின் பெயரைச் சுமக்கிறது, 1936-லேயே தனி அப்பெலாசியோன், அதாவது ஊர்ப் பெயரை லேபிளில் போடும் சட்ட உரிமை, பெற்றது. வக்கேராஸுக்கு அது 1990-ல்தான் கிடைத்தது. எங்கள் மேசையில் சாத்தோநஃப் ஜாம் போல இனித்து, தொண்டையில் ஆல்கஹாலின் சூட்டை மட்டும் விட்டுச் சென்றது. வக்கேராஸில் மிளகு வாசனை, கறுப்புப் பழம், கடைசியில் நல்ல புளிப்பு. நல்ல தோட்டத்தின் 45 யூரோ சாத்தோநஃப் இதைத் தாண்டிப் போகும், சந்தேகமே இல்லை. அந்த ஆழம் வேறு. என் புகார் எல்லாம் அந்தப் பெயரின் கீழ்ப்படியில் இருக்கும் பாட்டில்கள் மீதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு பர்கண்டிக்கும் போஜொலேக்கும் நடுவில். பர்கண்டியில் தோட்டங்கள் சின்னவை, கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் பனியில் மொட்டுகள் கருகியது விலையை இன்னும் ஏற்றிவிட்டது. இன்று 18 யூரோ கொடுத்தால் பெரும்பாலும் வெறும் 'பூர்கோஞ்' (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்று போட்ட, பினோ நுவார் திராட்சையின் மெலிந்த ஒயின் ஒன்று கிடைக்கும். அங்கிருந்து தெற்கே வந்தால் போஜொலே, திராட்சை காமே. 1395-ல் பர்கண்டியின் பிரபு துணிச்சல்கார பிலிப், காமே கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே கருங்கல் மண்ணில் அது தழைத்தது. அப்புறம் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் போஜொலே நுவோ வந்து, அந்த ஊர் ஒயின் என்றாலே விளையாட்டுச் சரக்கு என்ற பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் கெட்ட பெயர்தான் நமக்கு லாபம்!

அங்கே தனிப் பெயரோடு பத்து க்ரூக்கள், அதாவது தரத்தில் மேலான பகுதிகள், உண்டு. மோர்கோன், ஃப்ளரி, மூலன்-ஆ-வான், ஷிரூப்ள் எல்லாம் அதில் சேரும். லேபிளில் போஜொலே என்ற சொல்லே பல நேரம் கண்ணில் படாது, ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். கோத் து பி குன்றிலிருந்து வரும் மோர்கோன் 15 யூரோவுக்குக் கிடைக்கிறது. இளசில் செர்ரி; ஐந்தாறு வருடம் இருட்டில் படுக்க வைத்தால் ஈர மண், காளான் என்று போய், பினோ நுவாரோ என்று தேர்ந்தவர்களையே குழப்பும். செய்தித்தாளைப் பிரித்தபோது எங்கள் பர்கண்டி ரசிகர் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்தோவிலும் கதை இதேதான். 1855 பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் போட்ட தரவரிசை பெரும்பாலும் அன்றைய சந்தை விலையை வைத்துத்தான். அதில் ஏறிய சாத்தோக்கள், அதாவது ஒயின் தோட்டங்கள், நம் பையைத் தாண்டியவை. சாந்தெமிலியோன் பெயருக்குக் காசு கொட்டாமல், ஒட்டியிருக்கும் காஸ்தியோனிலோ அருகிலுள்ள ஃப்ரோன்சாக்கிலோ தேடினால் அதே மெர்லோ திராட்சையின் ஒயின் 12 யூரோவுக்கு வரும்.

நம் சமையலோடு குடிப்பவர்களுக்கு ஒன்று. காபெர்னே திராட்சை அதிகமுள்ள இளம் போர்தோவின் துவர்ப்பு, மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும். மிளகு போட்ட கோழிக் குழம்புக்கு காமே திறக்கலாம். ஆனால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 14 டிகிரி வாக்கில் ஊற்ற வேண்டும். அறைச் சூட்டில் அதன் உயிரே போய்விடும்.

செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தை தொடங்கும்போது நான் தெற்கு ரோனின் இன்னொரு ஊரான கேரானைத் தேடுவேன். 2016-ல்தான் அது தனி அப்பெலாசியோன் ஆனது. 10, 12 யூரோ பாட்டில்கள் இன்னும் இருக்கின்றன. வக்கேராஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.