வெயிட் ஈவன்ட்: மனப்பாடம் வேண்டாம், மூன்று விண்டோ போதும்

ஆரக்கிள் டேட்டாபேஸின் வேகத்தைச் சீராக்கும் பெர்ஃபார்மன்ஸ் டியூனிங் தேர்வுக்கு முதல் முறை உட்கார்ந்தபோது, வெயிட் ஈவன்ட் பெயர்களையெல்லாம், அதாவது டேட்டாபேஸில் ஒரு வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் பெயர்களை, நோட்டில் எழுதி உருப்போட்டிருந்தேன். தேறவில்லை. ஒரு அவுட்புட்டைக் காட்டி, இந்த செஷன் (டேட்டாபேஸுக்குள் லாகின் ஆன ஓர் இணைப்பு) எதற்காக நிற்கிறது என்று கேட்டால் எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டாம் முறை லேப்டாப்பில் ஆரக்கிளின் இலவச எடிஷனைப் போட்டு மூன்று விண்டோ திறந்துகொண்டேன், ஒவ்வொன்றும் ஒரு செஷன். முதலாவதில் டேபிளின் ஒரு வரிசையை அப்டேட் செய்துவிட்டு, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கொடுக்காமல் விட்டேன். இரண்டாவதில் அதே வரிசைக்கு இன்னொரு அப்டேட். அது அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவதிலிருந்து, எந்த செஷன் என்ன செய்கிறது என்று காட்டும் வி டாலர் செஷன் (V$SESSION) பட்டியலைப் பார்த்தேன். நிற்கும் செஷனுக்கு நேரே ‘என்க் டிஎக்ஸ் ரோ லாக் கன்டென்ஷன்’, அதாவது வேறொருவர் பூட்டிய வரிசைக்காகக் காத்திருப்பு. பிளாக்கிங் செஷன் என்ற இடத்தில் முதல் செஷனின் எண். பூட்டைப் பிடித்திருந்த அந்த முதல் செஷனோ, ‘எஸ்க்யூஎல் நெட் மெசேஜ் ஃப்ரம் கிளையன்ட்’ என்று, அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தது! ஐடில் (சும்மா இருக்கும்) வகை என்று நாம் குவெரியிலேயே கழித்துவிடும் ஈவன்ட் அது. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் ஆளே தப்பிவிடுவார்.

அப்புறம் அதே பட்டியலில் உள்ள ஸ்டேட் என்ற காலம். அதில் ‘வெயிட்டிங்’ என்று இருந்தால்தான் ஈவன்டில் தெரிவது இப்போதைய காத்திருப்பு. வேறு எதுவாக இருந்தாலும் அது முடிந்துபோன பழைய கதை. செஷன் இப்போது சிபியுவில் ஓடுகிறது, அல்லது சிபியு கிடைக்காமல் கியூவில் நிற்கிறது. நான் அதிகம் சறுக்கியது இங்கேதான்.

பெயர்களை அப்படியே நம்பவும் கூடாது. ‘டிபி ஃபைல் சீக்வென்ஷியல் ரீட்’ என்றால் டேபிளை வரிசையாகப் படிப்பது என்று நினைத்திருந்தேன். அது ஒரே ஒரு பிளாக்கை (டேட்டாபேஸ் டேட்டாவை வைத்திருக்கும் சிறு துண்டு) படிப்பது, பெரும்பாலும் இன்டெக்ஸ் வழியாக. முழு டேபிளை ஸ்கேன் செய்யும்போது வழக்கமாக வருவது ‘டிபி ஃபைல் ஸ்கேட்டர்ட் ரீட்’. யார் பெயர் வைத்தார்களோ!

வி டாலர் செஷன் ஈவன்ட் (V$SESSION_EVENT) என்பது இன்னொரு பட்டியல்: ஒரு செஷன் ஒவ்வொரு ஈவன்டிலும் காத்திருந்த நேரத்தை லாகின் ஆனதிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. காலையில் லாகின் ஆன செஷனின் மொத்தத்தை வைத்து மதியப் பிரச்சினையைப் பேச முடியாது. 60 விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துப் பாருங்கள். அதில் டைம் வெயிட்டட் என்ற காலத்தின் அலகு விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பதையும் மறக்காதீர்கள்; 500 என்றால் 5 விநாடி.

லாக்அவுட் ஆனால் அந்தக் கணக்கு போய்விடும். நடந்து முடிந்ததைத் தேட, விநாடிக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்கும் ஆக்டிவ் செஷன் ஹிஸ்டரி உண்டு. ஆனால் அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பின் லைசென்ஸ் வேண்டும். ஆபீஸ் சர்வரில் அது இருக்கிறதா என்று கேட்காமல் கை வைக்காதீர்கள்.