ஐம்பது மீட்டர் கயிறும் ஒரு வால்வெள்ளியும்

நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் அறிவியலில் விண்வெளியும் சமூக அறிவியலில் கடந்த காலமும் அடுத்தடுத்த வாரங்களில் வந்து நின்றன. இத்தனை ஆண்டுகளாக இரண்டையும் தனித்தனியாகவே நடத்தி வந்திருக்கிறேன்; முன்னதற்குக் கோள்களின் பெயர்ப் பட்டியல், பின்னதற்கு ஆண்டுகளின் பட்டியல். எட்டு வயதுக் குழந்தைகள் இரண்டையும் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் தாத்தாவின் பிறப்பு, பிரமிடு, டைனோசர் ஆகிய மூன்றையும் காலவரிசையில் நிறுத்தச் சொன்னாலோ, நிலா எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கையால் காட்டச் சொன்னாலோ, மனப்பாடம் செய்ததெல்லாம் காணாமற்போய்விடும். இரண்டு பாடங்களிலும் அவர்களைத் தடுமாற வைப்பது ஒன்றுதான், கைக்கும் கண்ணுக்கும் எட்டாத தொலைவு. ஆகவே இம்முறை இரண்டையும் சேர்த்தே நடத்துவது என்றும், எதையும் சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வைப்பது என்றும் முடிவு செய்தேன்.

முதல் நாள் கையில் எடுத்தவை ஒரு கூடைப்பந்தும் ஒரு டென்னிஸ் பந்தும். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து ஏறத்தாழ நிலாவின் அளவுக்குப் பொருந்தும். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், நிலாவினுடையது 3,474 கிலோமீட்டர். நிலாவை அதன் சரியான தொலைவில் வைக்கும்படி ஒவ்வொருவராக அழைத்தேன். பெரும்பாலோர் ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். மிகவும் துணிந்த ஒருவன் மேசையின் மறுமுனைக்குக் கொண்டுபோனான். பூமியைப் போன்ற முப்பது பந்துகளை வரிசையாக வைத்தால்தான் நிலாவை எட்ட முடியும் என்று சொல்லி, ஒரு மாணவியின் கையில் பந்தைக் கொடுத்து நடக்கச் சொன்னேன். ஏழு மீட்டருக்குச் சற்று மேல் ஆகும். அவள் வகுப்பறைக் கதவைத் தாண்டி வராந்தாவில் போய் நின்று, "இன்னும் போகணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

அடுத்த கேள்வி அதைவிடப் பெரிய வியப்பைத் தந்தது. விண்வெளி வீரர்கள் தங்கியிருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் இந்தக் கணக்கில் எங்கே இருக்கும்? எல்லாருடைய கையும் வராந்தாவைக் காட்டியது. அது பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், கூடைப்பந்தின் தோலிலிருந்து ஒரு விரல் கனம்கூட விலகியிருக்காது. 1968 முதல் 1972 வரை அப்போலோ பயணங்களில் வராந்தா வரை போனவர்கள் 24 பேர். அவர்களில் நிலாவில் இறங்கி நடந்தவர்கள் 12 பேர். இதே அளவில் சூரியன் 26 மீட்டர் அகலமான பந்தாக 2.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் என்றபோது, கூடைப்பந்தையும் வாசற்கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளிப் பாடம் என்றாலே தெர்மாகோல் உருண்டைகளுக்கு வண்ணம் பூசிக் கம்பியில் கோத்துக் கொண்டுவரச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் பெற்றோர் இரவில் கண்விழித்துச் செய்து தருவது அது. அதில் கோள்களின் அளவும் தவறு, இடைவெளியும் தவறு. குழந்தை அதிலிருந்து அறிந்துகொள்வது வண்ணங்களை மட்டும்தான். ஒரு காலத்தில் நானும் கொண்டுவரச் சொன்னவர்களில் ஒருத்திதான் என்பதால் இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை.

இரண்டாம் வாரத்தில் காலத்தை அளக்கத் தொடங்கினோம். ஐம்பது மீட்டர் பருத்திக் கயிறு ஒன்றின் ஒரு முனையை விளையாட்டுத் திடலின் வேலிக்கம்பத்தில் கட்டி, அந்த முடிச்சுக்கு 2025 என்று பெயரிட்டோம். ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஆண்டு. தங்கள் பிறப்பை அவர்கள் எட்டு சென்டிமீட்டரில் கட்டினார்கள். 26 பேருடைய நூல்களும் ஒரே இடத்தில் குவிந்து அங்கே ஒரு குஞ்சம் தொங்கியது. மனிதர் நிலாவில் கால் வைத்த 1969 ஐம்பத்தாறு சென்டிமீட்டரில் வந்தது. தாத்தா பாட்டிகளின் நூல்களில் பல அதற்கும் அப்பால் போனதைக் கண்டு, "அப்போ தாத்தா அதைப் பார்த்திருப்பாரா?" என்று ஒருவன் கேட்டான். அன்று மாலையே வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார்கள். ஆரியபட்டர் தம் நூலை இயற்றிய கி.பி. 499-க்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டுவதற்கு நாற்பத்தைந்து மீட்டர் தாண்டித் திடலின் மறுகோடிக்கே ஓட வேண்டியிருந்தது. டைனோசரை எங்கே கட்டுவது என்ற கேள்வி வரும் என்று தெரிந்தே காத்திருந்தேன். அவை அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் கயிறு 660 கிலோமீட்டர் நீளம் இருந்தால் அங்கே கட்டலாம் என்றேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவன், ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போகணும் என்றான்.

அதுவரை நடந்தவை நான் திட்டமிட்டவை. வால்வெள்ளிக்காக ஒரு பாடவேளையைத்தான் ஒதுக்கியிருந்தேன். அது மூன்று நாட்களை எடுத்துக்கொண்டது.

சூரியனை நெருங்கி வந்த ஒரு வால்வெள்ளியின் ஆண்டுகள் என்று மட்டும் சொல்லி, 1531, 1607, 1682, 1759, 1835, 1910, 1986 என்ற ஏழு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஏழு குழுக்கள், ஆளுக்கொரு சிவப்பு நூல். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, ஒரு மாணவி வேலியோரமாகக் கையை அகல விரித்தபடி ஒவ்வொரு சிவப்பு நூலாகத் தாண்டி நடந்தாள். இடைவெளி எல்லாம் ஒரே அளவாக இருக்கிறது என்றாள். உடனே அளவுநாடாவோடு எல்லாரும் ஓடினார்கள். ஒரே அளவாக இல்லை. ஓரிடத்தில் 75, ஓரிடத்தில் 76, ஓரிடத்தில் 78 கூட வந்தது. நீதான் தப்பாகக் கட்டினாய் என்று குழுக்களுக்குள் சண்டை மூண்டது.

சண்டையை நான் தீர்த்து வைக்கவில்லை. மறுபடியும் அளக்கச் சொன்னேன். தொடக்கப்பள்ளியில் பணிபுரிபவர்கள் அனைவரும் அறிந்த பிழை ஒன்று அப்போது வெளிப்பட்டது. இரண்டு குழுக்கள் அளவுகோலின் 0-விலிருந்து அல்லாமல் 1-லிருந்து அளந்திருந்தன. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் கயிற்றில் அந்தப் பிழை சரியாக ஓர் ஆண்டைத் தின்றிருந்தது. நூறு முறை சொல்லியும் மனத்தில் ஏறாத பாடம், ஒரு வால்வெள்ளி ஓராண்டு தாமதமாக வந்ததாகக் காட்டியதும் ஏறிவிட்டது. திருத்திக் கட்டினார்கள். 78 மறைந்தது, ஆனால் 75, 76, 77 என்ற வேறுபாடு மறையவில்லை. மூன்றாவது முறை அளந்தும் அப்படியேதான் இருந்தது. இனி அளந்தவர்களைக் குறை சொல்ல வழியில்லை என்றானபோது, வால்வெள்ளிதான் சரியான நேரத்துக்கு வருவதில்லை என்று வகுப்பு ஒருமனதாக முடிவு செய்தது.

அதற்குப் பிறகுதான் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளரைப் பற்றிச் சொன்னேன். அவரிடம் இருந்தவை 1531, 1607, 1682 என்ற முதல் மூன்று முடிச்சுகள் மட்டுமே. அவற்றில் கடைசியைத்தான் அவர் தம் கண்ணால் பார்த்தார். மற்ற இரண்டும் அவருக்கும் வரலாறுதான், பழைய குறிப்புகளில் படித்தவை. மூன்றின் பாதைகளையும் ஒப்பிட்டு, இவை மூன்று வால்வெள்ளிகள் அல்ல, ஒன்றே மூன்று முறை வந்திருக்கிறது என்று 1705-இல் எழுதினார். அது 1758 வாக்கில் திரும்பவும் தென்படும் என்றும் கணித்தார். 1742-இல் இறந்துபோனார். 1758 டிசம்பரில் அது தென்பட்டது. அடுத்த மார்ச்சில் சூரியனை நெருங்கியது. இடைவெளி சமமாக இல்லாததும் அவருடைய கவனத்துக்கு வந்திருந்தது; வழியில் இருக்கும் வியாழன் போன்ற பெரிய கோள்கள் தம் ஈர்ப்பினால் வால்வெள்ளியைச் சற்று முன்பின்னாக இழுத்துவிடுகின்றன. "அவர் பார்க்கவேயில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். ஹாலியின் 1742-க்கும் வால்வெள்ளியின் 1759-க்கும் இடையே இருந்த பதினேழு சென்டிமீட்டரைத் தன் விரல்களால் தொட்டுப் பார்த்தாள்.

நூலில் படித்த ஆண்டுகளைக் கொண்டு வானத்தைக் கணித்தவர் ஹாலி. அப்படியிருக்க, அறிவியல் பாடவேளைக்கும் வரலாற்றுப் பாடவேளைக்கும் நடுவே இத்தனை ஆண்டுகள் நான் ஏன் மணியடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

அடுத்த வாரம் தட்டு நிறைய மாவைப் பரப்பி, மேலே வண்ணப்பொடி தூவி, கோலிக்குண்டுகளைப் போட வைத்தேன். நிலாவின் குழிகளைச் செய்துகாட்டும் பழகிய முறைதான். உயரத்திலிருந்து போட்டால் குழி அகலமாகிறது, அடியிலிருக்கும் வெள்ளை மாவு கதிர்கள்போல் சுற்றிலும் தெறிக்கிறது என்பதையெல்லாம் அவர்களே கண்டு எழுதிக்கொண்டார்கள். சாய்வாக எறிந்து பார்த்த ஒருவனுக்கு மட்டும் நீள்வட்டக் குழி கிடைத்தது. நிலாவின் படத்தில் அப்படி ஒன்றும் காணோமே என்றான். நியாயமான கேள்வி. உண்மையான விண்கல் விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும்போது அது குத்திக் குழி தோண்டுவதில்லை. மோதிய இடத்தில் வெடித்துச் சிதறுகிறது. அதனால்தான் சாய்வாக விழுந்தாலும் குழி பெரும்பாலும் வட்டமாகவே அமைகிறது. நம் மாவுத் தட்டு அந்த வேகத்தைக் காட்டாது என்று ஒப்புக்கொண்டேன். மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்பதையும் குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அன்று என்னை மிகவும் மகிழ்வித்தது வேறொரு கேள்வி. "நிலாவுக்குக் கல்லை யார் போட்டது? அங்கே கல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள் கடைசி வரிசையில் இருப்பவள். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1665-இல் இதே விளையாட்டை விளையாடியிருக்கிறார். ஈரக் களிமண்ணில் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். நிலாவில் உள்ளவை போன்ற குழிகளே கிடைத்தன. ஆனாலும் அந்த விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய கற்கள் எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆகவே, கொதிக்கும் குழம்பில் குமிழ் உடைந்தால் விழும் பள்ளம் போன்றது அது என்ற மற்றொரு சோதனையின் பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் சிறுகோளான சீரிஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1801-இல்தான். நிலாவின் குழிகளில் பெரும்பாலானவை மோதல்களால் உண்டானவை என்பது உறுதியாக 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹூக்கைத் தடுத்து நிறுத்திய அதே கேள்வியைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய் என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கயிற்றில் 1665-இல் ஒரு நூலைக் கட்டிவிட்டு வந்தாள்.

அகழாய்வுப் பெட்டியைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. பல வகுப்புகளில் செய்யப்படுவதுதான். வெவ்வேறு நிற மண் அடுக்குகளுக்குள் உடைந்த பானையின் ஓடு, மணி, நாணயம் ஆகியவற்றைப் புதைத்து, மேலே கயிற்றால் கட்டங்கள் போட்டு, தூரிகையால் மெல்லத் துலக்கி, எந்தக் கட்டத்தில் எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று எழுத வைத்தேன். பாதிப் பேர் எழுதுவதற்கு முன்பே பொருளை வெளியே இழுத்துவிட்டார்கள். பிறகு எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்று நினைவில்லாமல் விழித்தார்கள். கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது என்ற விதியை அந்த விழிப்பே கற்றுக்கொடுத்தது. மறுநாள் மாவுத் தட்டைத் திரும்ப எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு குழிகளைக் காட்டி, எது முதலில் விழுந்தது என்று கேட்டபோது, தட்டில் அடுக்குகள் இல்லாமலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றொன்றின் விளிம்பை வெட்டிக்கொண்டு கிடப்பதுதான் பிந்தியது. நிலாவின் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டி, டைக்கோ என்னும் குழியிலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் மற்றக் குழிகளுக்கு மேலாக ஓடுவதைக் காட்டினேன். அப்படியானால் அது குட்டிக் குழி, கடைசியாகப் பிறந்தது என்றார்கள். நிலாவின் வயதுக் கணக்குகளுக்கு ஆய்வாளர்கள் முதலில் கைக்கொண்ட வழியும் இதுதான்.

விண்மீன்களின் ஒளியைப் பற்றி ஒரே ஒரு நாள்தான் பேச முடிந்தது. நிலாவின் ஒளி நம்மை அடைய 1.3 விநாடி, சூரியனுடையது 8 நிமிடம் 20 விநாடி. இரவு வானில் மிகவும் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் விண்மீன் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. கயிற்றில் எட்டரை சென்டிமீட்டரைத் தொட்டுக் காட்டினேன். அவர்களுடைய பிறப்புக் குஞ்சம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் பிறந்த நாட்களில் புறப்பட்ட வெளிச்சம் இன்று இரவு வந்து சேரும் என்றேன். அடுத்த வாரம் முழுவதும், பார்த்தேன் என்றும் மேகம் மறைத்துவிட்டது என்றும் காலையில் முறையிட்டுக்கொண்டே வகுப்புக்கு வந்தார்கள்.

பருவத்தின் கடைசி நாளில் கயிற்றைச் சுருட்டி எடுத்துவைக்கப் போனோம். அப்போது ஒருவன், வால்வெள்ளி அடுத்தது எப்போது வரும் என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. 1986-இலிருந்து எழுபத்தைந்தோ எழுபத்தாறோ கூட்டிப் பார்த்துத் தாங்களே 2061 அல்லது 2062 என்றார்கள். 2061 என்றேன். சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு கம்பத்தருகே போனவர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். 2025 என்ற முடிச்சோடு கயிறு முடிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வேலிக்கம்பம்தான் இருந்தது. சிறிது நேரம் கூடிப் பேசினார்கள். பிறகு ஒருத்தி தன் தலைப்பின்னலில் இருந்த ரிப்பனை அவிழ்த்துக் கம்பத்தின் மறுபுறம் கட்டினாள். முப்பத்தாறு சென்டிமீட்டர் அளந்து, 0-விலிருந்தே அளந்து, சிவப்பு நூலை முடிந்துவிட்டு, அப்போது தனக்கு நாற்பத்துநான்கு வயது என்றாள். என்னுடைய வயதையும் கூட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது.