ஸ்பேமுக்குப் போன ரிப்போர்ட்டுகள்

2024 ஜூன் 9, ஞாயிறு

பரிசோதனை லேபின் மெயில் சர்வரில் ஓடும் டெபியன் இயங்குதளத்தை 10-இலிருந்து 11-க்கு மாற்றியாயிற்று. 10-க்கான நீண்டகால ஆதரவு இந்த 30-ஆம் தேதியோடு முடிகிறது, இனியும் தள்ளிப்போட முடியாது. நடுவில் சில கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளுக்கு, பழையதையே வைக்கவா புதியதைப் போடவா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் புதியது என்று கொடுத்தேன். அதே சர்வரில் இருக்கும் என் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், வந்தது.

ஜூன் 12, புதன்

காலையிலேயே லேப் அக்கா போன். “தம்பி, மூணு நாளா ரிப்போர்ட் வரலன்னு எல்லாரும் கேக்குறாங்க.” சர்வரின் லாகில் (பதிவேட்டில்) பார்த்தால் எல்லாமே போயிருக்கிறது. ஜிமெயிலில் ஸ்பேமில் கிடக்கின்றன. ஒரு பெரியவர் சர்க்கரை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து டாக்டரைப் பார்ப்பதையே தள்ளிப்போட்டிருக்கிறார், அதைக் கேட்டதும் வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

ஸ்பேம் அனுப்புவோரின் பிளாக்லிஸ்டில் எங்கள் சர்வரின் ஐபி இல்லை. ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் சரி. இதற்கே மதியம் ஆகிவிட்டது.

அதே நாள், இரவு

ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ போட்டுப் பார்த்தேன். எஸ்பிஎஃப், அதாவது இந்த டொமைனுக்காக மெயில் அனுப்ப இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை, பாஸ். அதற்குக் கீழே டிகேஐஎம் (மெயிலில் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து) என்ற வரியே இல்லை! போன மாத மெயிலில் இருக்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கையெழுத்தே இல்லாமல்தான் எல்லா மெயிலும் போயிருக்கிறது.

லாகை மறுபடி மேலிருந்து படித்தேன். ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை: மில்டர் (மெயிலை இடையில் வாங்கிக் கையாளும் துணை நிரல், இங்கே கையெழுத்துப் போடுவது), லோக்கல்ஹோஸ்ட் 8891, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. அந்த மில்டர்தான் ஓபன்டிகேஐஎம். நான் அதன் பழைய கான்ஃபிக்கில், இணைப்புக்கு 8891 போர்ட்டைக் கொடுத்திருந்தேன், புதிய கோப்பு அதை அழித்துவிட்டு யூனிக்ஸ் சாக்கெட் என்ற வேறு வாசலுக்கு மாற்றியிருக்கிறது. மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் இன்னும் 8891-ஐயே தட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் திறக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

பழைய கோப்பு பேக்கப்பில் இருந்தது. சாக்கெட், டொமைன், செலக்டர் (எந்தச் சாவி என்று காட்டும் பெயர்), கையெழுத்துச் சாவி இருக்கும் இடம் நாலையும் திரும்ப எழுதி ரீஸ்டார்ட் செய்ததும் டிகேஐஎம் பாஸ்.

இன்னொன்றையும் மாற்றினேன். மில்டர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் எப்போதோ ‘அக்செப்ட்’ (அப்படியே அனுப்பு) என்று வைத்திருந்தேன், அதனால்தான் இத்தனை நாளும் சத்தமில்லாமல் போனது. இப்போது ‘டெம்ப்ஃபெயில்’ (தற்காலிகத் தோல்வி). மெயில் வரிசையிலேயே நிற்கும், எனக்கும் தெரிந்துவிடும். ரிப்போர்ட் ஒரு மணி நேரம் தாமதமானால் அக்கா போன் செய்வார், ஸ்பேமில் விழுந்தால் அவருக்கே தெரியாது.

ஜூன் 24, திங்கள்

முதல் சில நாள் பாதி இன்பாக்ஸ், பாதி ஸ்பேம் என்றுதான் இருந்தது. அக்கா ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ‘ஸ்பேம் இல்லை’ என்பதை அழுத்தச் சொல்லியிருக்கிறார். இன்று கேட்ட எல்லோருக்கும் இன்பாக்ஸிலேயே வந்திருக்கிறது. அந்தப் பெரியவருக்கு அக்கா அன்றைக்கே ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வீட்டிலேயே கொடுத்துவிட்டாராம்.