கோகுராவுக்குக் குறித்தது, நாகசாகியில் விழுந்தது

1945 ஆகஸ்ட் 9. ஜப்பான் மீது அமெரிக்கா போடவிருந்த இரண்டாவது அணுகுண்டுக்கு இலக்கு, கோகுரா நகரம். பசிபிக்கில் உள்ள டினியன் தீவில் கிளம்பும் முன்பே, குண்டைச் சுமந்த பாக்ஸ்கார் விமானத்தின் ரிசர்வ் டாங்க் பம்ப் வேலை செய்யவில்லை. சுமார் 2,400 லிட்டர் எரிபொருள் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பயன்படாத அந்த எடையையும் சுமந்தே பறந்தார்கள். பம்பை மாற்ற நேரமாகும், வானிலை கெடும் என்ற அவசரம். விதி என்று இதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜப்பானின் யாகுஷிமா தீவுக்கு மேலே இன்னொரு விமானத்துக்காக 15 நிமிடம் காத்திருக்கவேண்டியது, 40 நிமிடத்தைத் தாண்டியது. கோகுராவைப் புகையும் மேகமும் மூடியிருந்தன. கண்ணால் பார்த்துத்தான் போடவேண்டும் என்பது உத்தரவு. மூன்று சுற்றும் வீண். மாற்று இலக்கான நாகசாகியிலும் மேகம், எரிபொருளோ தீரும் நிலை. 11:02க்கு, குறித்த இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி உராகாமி பள்ளத்தாக்கின் மேல் குண்டு வெடித்தது. தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மாண்டார்கள். குன்றுகள் மறித்ததால் நகரின் மறுபக்கம் ஓரளவு தப்பியது. டினியன் திரும்ப எரிபொருள் போதாமல் விமானம் ஒகினாவாவில் இறங்கியது.