தீவுகளில் வாய்ப்புற்றுப் பரிசோதனை: ஓர் இரவு தங்கிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாவற்றுக்கும் படகில்தான் போகவேண்டும். காலைப் படகில் இறங்கி, பின்னேரப் படகில் திரும்பும் வாய்ப்புற்றுப் பரிசோதனை முகாமுக்குப் பெண்களும் வயது போனவர்களும் வருவார்கள். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுகிற ஆண்கள் கடலில் நிற்பார்கள், இல்லையென்றால் இரவுத் தொழில் முடிந்து நித்திரையில் கிடப்பார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. அவர்களைப் பார்க்காமல் முகாம் எதற்கு? ஓர் இரவு தங்குங்கள். பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ கதிரையைப் போடுங்கள்.

தலையில் கட்டும் ரோச் லைட், கையுறை, ஆளுக்கு இரண்டு மரத் தட்டைக்குச்சி, கோஸ் துணி, கொப்பளிக்கத் தண்ணீர் போதும். கொப்பளிக்காவிட்டால் வெற்றிலைக் காவி, நாங்கள் தேடுகிற வெள்ளை, சிவப்புப் படலத்தை மறைத்துவிடும். கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உதட்டின் உட்புறத்தில் தொடங்கி, குச்சிகளால் கன்னத்தை விலக்கிக் கடைவாய் வரை பாருங்கள். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குவார் என்று கேட்டு, அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பாருங்கள். பிறகு முரசு, அண்ணம். நாக்கு நுனியைக் கோஸால் பிடித்து இழுத்து இரண்டு ஓரமும், நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடிப்பகுதியும் பார்க்கவேண்டும். அவசரத்தில் தவறிப்போவது இந்த ஓரமும் அடியும்தான். கடைசியாகக் கழுத்தில் கட்டி உண்டா என்று தடவுங்கள்.

கோஸால் துடைத்தும் போகாத வெள்ளைப் படலம், சிவப்புப் படலம் (இதுதான் கூடுதல் ஆபத்தானது), இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், விரலுக்குக் கல் போல் தட்டுப்படும் இடம்: எதைக் கண்டாலும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஆரம்பத்தில் நோகாது. நோ இல்லாததால்தான் ஆட்கள் பிந்துகிறார்கள். கூர்ப்பல் உரசிய புண் என்றால் பல்லைச் சீராக்கி, இரண்டு கிழமையில் திரும்பப் பாருங்கள். ஆறவில்லையென்றால் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக் காலம் கடத்த வேண்டாம்.

“உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரியுது” என்று இளம் ஆள் சொன்னால், அவருடைய மூன்று விரலை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகாவிட்டால் பாக்கு கன்னத்தை இறுக்கத் தொடங்கியிருக்கலாம். அந்த இறுக்கம் முழுதாக மாறாது, புற்றாகவும் திரும்பலாம். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கைக் கூட்டுகிறவர்களுக்கு இதை விளக்கமாகச் சொல்லவேண்டும்: பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது.

முகாமுக்கு வரும் பெண்களிடம் இதையும் சொல்லுங்கள்: பெண்களுக்கு 35, 45 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். திகதியைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தரம் 6 மாணவிகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலையிலேயே போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவது தவறியதா என்று அட்டையைப் பாருங்கள்.

கண்டுபிடித்த பிறகுதான் பலர் கைநழுவிப் போகிறார்கள். “யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ” என்று வாயால் சொன்னால் போதாது. கடிதமும் கிளினிக் திகதியும் கையில் கொடுங்கள். பரிசோதனைக்குச் சதை எடுக்க ஒரு பயணம், முடிவு கேட்க இன்னொரு பயணம் என்று முதலே சொல்லுங்கள். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பதை வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் திகதியை மாற்ற ஒரு தொலைபேசி இலக்கம் கடிதத்திலேயே இருக்கட்டும். அனுப்பியவர்களின் பெயர்ப்பட்டியலின் ஒரு பிரதி தீவு வைத்தியசாலையில் இருந்தால், யார் போகவில்லை என்று அடுத்த கிழமையே வீடு தேடிப் போய்க் கேட்கலாம்.