வேடியப்பன் கல்லும் பக்கவாட்டு வெயிலும்

10.1.2026, சனி – அதியமான்கோட்டை, தருமபுரி மாவட்டம்

இன்று தேய்பிறை அஷ்டமி. காலபைரவருக்குப் பூசணி விளக்கேற்ற வருகிற கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களுக்காக வருபவர்கள் வேறு நாளில் வரலாம். கேமராவைத் தரையில் மல்லாத்தி வைத்து டைமர் போட்டால் படம் ஆடாது, பிளாஷ் வேண்டாம். இப்படிப்பட்ட ஓவியங்களுக்கு முதல் எதிரி கூரைக் கசிவு. நீரோடு இறங்கும் உப்பு சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் படிகமாகி, வண்ணத்தைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

11.1.2026, ஞாயிறு – நடுகற்கள்

இந்தப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் சாமி பல ஊர்களில் நடுகல்தான், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட பழைய எழுத்துக் கல். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே கிட்டே போக வேண்டும்.

கிழக்கு பார்த்த கல்லை விடியலில் படமெடுத்தால் ஓர் எழுத்தும் தெரியாது. வெயில் நேராக விழுந்து பள்ளத்தின் நிழலை அழித்துவிடும். பதினொரு மணிக்கு மேல் வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகும்போது எழுத்து எழுந்து நிற்கும். மேற்கு பார்த்ததற்கு உச்சி திரும்பியதும். நிழலிலேயே கிடக்கும் கல்லுக்கு ஓரடிக் கண்ணாடி போதும். தள்ளி நின்று வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம்.

சாக்கட்டி தடவவே கூடாது. கல்லின் கீறலையும் எழுத்தாக்கிவிடுவது அதுதான். இந்தக் கற்களில் உள்ள பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் ப, வ, ய மூன்றும் ஏறக்குறைய ஒரே வளைவு. அங்கே சாக்கட்டிக்காரர் வைத்ததே பாடமாகிவிடும்! முதலில் 'தொறு', 'பட்டான்', 'கல்' ஆகியவற்றைத் தேடினால் மற்றவை பிடிபடும். தொறு என்றால் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான்.

கல்லில் ஈரத் தாளை ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி அனுமதி உள்ளவர்கள் வேலை. அதிலும் தாள் சொட்டச் சொட்ட இருக்கையில் மை ஒற்றினால் கல்லிலேயே கறை இறங்கும். ஈரம் பாதி வற்ற வேண்டும். முழுக்கக் காய்ந்தாலோ காற்று உரித்துவிடும்.

17.1.2026, சனி – மல்லச்சந்திரம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தில் கட்டிய கல் அறைகள். ஊர்வழக்கில் பாண்டவர் வீடு. குழி தோண்ட முடியாத பாறைமேல் பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் ஏற்றியிருக்கிறார்கள். பலகையில் உள்ள வட்டத் துளை இடுதுளை. மூடுகல்மேல் ஏறி உட்காரக் கூடாது. புதையல் தேடி அடியைக் கிளறிய இடங்களில் பலகைகள் ஏற்கெனவே உள்சாய்ந்து, ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன. தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும்.