சலக்குழாயை எப்போது எடுப்பார்கள்?

வைத்தியசாலையில் படுத்திருக்கும் வயதானவர்களுக்குச் சலக்குழாய் (சிறுநீரை வெளியேற்றச் சலப்பைக்குள் செலுத்தும் கதீற்றர்) போடும்போது காரணம் சொல்கிறார்கள். ஆனால் அதை எப்போது எடுப்பார்கள் என்று துணைக்கு நிற்கும் நாம் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், குழாய் பொருத்தப்பட்டிருந்த நோயாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் விடயத்தில், அப்படியொன்று இருப்பதே அவர்களைப் பார்த்த வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. போர்வைக்கு அடியில் இருப்பது மறக்கப்பட்டுவிடுகிறது.

சாம்பல்தீவில் இருந்த எங்கள் பெரியம்மா தொடை எலும்பு முறிந்து ஒரு வைத்தியசாலையில் கிடந்தபோது, சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களாகியும் குழாய் அப்படியே இருந்தது. இரவில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசினார். குழாயைப் பிடித்து இழுத்தார். சலப்பைக்குள் குழாயின் நுனியிலுள்ள சிறு பலூனில் வழக்கமாக 10 மில்லிலீற்றர் அளவு நீர் நிரப்பியிருப்பார்கள். அதோடு இழுத்தால் சலவழி கிழிந்து இரத்தம் வரும். கையைத் துணியால் கட்டுவோமா என்று உறவினர் ஒருவர் கேட்டது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. வயது போனால் இப்படித்தான் என்று நாங்கள் அதைக் கடந்துவிடப் பார்த்தோம். ஆனால் 70 வயதுக்கு மேற்பட்ட நோயாளர்களிடம் திடீர் மனக்குழப்பத்தைத் தூண்டுபவை எவை என்று ஆராய்ந்து 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு கண்டறிந்த ஐந்து காரணிகளில், சலக்குழாயும் கட்டிவைப்பதும் அடங்கும்.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் கிருமி இருக்கும். அதற்காக, காய்ச்சலோ நடுக்கமோ அடிவயிற்று வலியோ இல்லாதபோது, சலம் கலங்கலாக இருக்கிறது, மணக்கிறது என்பதற்காக மட்டும் அன்ரிபயாற்றிக் கேட்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும் வழியில் சலம் சேரும் பையைப் பெரியம்மாவின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிச் சென்றார்கள். பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. மேலே இருந்தால் பையிலுள்ள சலம் திரும்பி உள்ளே போகும்.

சலம் அடைபட்டவர்களுக்கும், மணிக்கு மணி சலத்தின் அளவு பார்க்கவேண்டிய கடும் நோயாளர்களுக்கும், சில சத்திரசிகிச்சைகளுக்கும், இறுதி நாட்களில் அசைவே வலியாக இருப்பவர்களுக்கும் குழாய் தேவைதான். படுக்கை நனைகிறது என்பது மட்டும் காரணமாகாது. இரவு முழுவதும் விரிப்பு மாற்றிக் களைத்த குடும்பத்தினரே குழாய் போடச் சொல்லிக் கேட்பதுண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெட்பான் வைப்பதும், பம்பர்ஸ் கட்டுவதும், ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறை பயன்படுத்துவதும் முதியவருக்கு ஆபத்துக் குறைந்தவை.

"மிஸ்ஸி, பெரியம்மாவுக்கு இந்தக் குழாய் இன்னும் தேவையா, டொக்டரிடம் கேட்டுச் சொல்லுவீங்களா?" என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. வைத்தியர் சுற்றிவரும் வேளையில் ஒவ்வொரு நாளும் கேட்கலாம். குழாயை நாமாக எடுக்கவே கூடாது. தாதியர் எடுத்த பின்னர் ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் சலம் போகிறதா என்று கவனியுங்கள். போகாமல் தொப்புளுக்குக் கீழே வயிறு பொருமி வலித்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே விடுதியில் தெரிவியுங்கள்.